சிப்பிச் சாற்றின் பத்தொன்பதாவது நிமிடம்

கைப்பிடியைத் திருப்பிவிட்டேன். இருபது மைக்ரோலிட்டர் சாறு, ஒரு சொட்டில் பாதிகூட இருக்காது, உள்ளே போய்விட்டது, இனித் திரும்ப எடுக்க முடியாது. மணி பத்து ஐந்து. திரையின் இடது ஓரத்திலிருந்து பச்சைக் கோடு கிளம்பிவிட்டது. அரைமணி நேரம் எனக்கு வேலை ஒன்றுமில்லை, உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். முப்பத்திரண்டு வருஷமாக இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன், சத்தியநேசன் என்ன வேலை பார்க்கிறான் என்று கேட்டால் உட்கார்ந்து கோடு பார்க்கிறான் என்று சொல்லலாம், என் மனைவி பியூலா அப்படித்தான் சொல்லுவாள், சொல்லிக்கொண்டிருந்தாள். மீனோ இறாலோ சிப்பியோ எதுவானாலும் அரைத்துச் சாறெடுத்து வடிகட்டி இந்த எஃகுக் குழாய்க்குள் தள்ளுகிறோம், குழாய்க்குள் மாவு மாதிரி ஒன்று அடைத்திருக்கிறது, சாற்றில் இருக்கிற ஒவ்வொரு பொருளும் அதில் தங்கித் தங்கி வெளியே வருகிறது, வருகிற நேரத்தை வைத்து இன்னார் என்று எழுதுகிறோம். முகம் பார்ப்பதில்லை. முகம் பார்க்கிற இயந்திரமும் உண்டு, எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அது இன்னும் வரவில்லை. வந்த நேரம்தான் பெயர். இன்றைக்கு ஓட்டத்தை வேண்டுமென்றே மெதுவாக்கி வைத்திருக்கிறேன். பதினேழாவது நிமிடத்தில் கோடு ஏறினால் அது டிரிப்டோபான், பாலில் முட்டையில் என் ரத்தத்தில் எல்லாவற்றிலும் இருக்கிற சாதாரண அமினோ அமிலம். பத்தொன்பதில் ஏறினால் டொமோயிக் அமிலம். அதுவும் அமினோ அமிலம்தான், ஆனால் எந்த உடம்பும் தன்னைக் கட்டிக்கொள்ள அதை எடுத்துக்கொள்வதில்லை. கடல் பாசி உண்டாக்குகிறது, பாசியைத் தின்கிற சிப்பியின் சதையில் சேர்கிறது, சிப்பிக்கு ஒன்றும் ஆவதில்லை, தின்கிற மனிதனுக்கு ஞாபகம் போகிறது. காலையில் இரண்டையும் தனித்தனியே ஓட்டிப் பார்த்தேன், ஒன்று பதினேழில் வந்தது, மற்றது பத்தொன்பதில் வந்தது. ஏசி ஓடுகிறது, சுவரில் தெர்மாமீட்டர் இருபத்துநான்கில் நிற்கிறது. இப்போது போயிருப்பது பிப்ரவரி மாதத்துச் சாறு. தாழைத்துறைக் கடலில் சிலுவைப்பாறையில் எடுத்த சிப்பி. மிச்சத்தை உறைபெட்டியில் வைத்திருந்தேன். இதைப் பார்த்துத்தான் நான் இருபத்துமூன்று என்று எழுதினேன், கிலோவுக்கு இருபத்துமூன்று மில்லிகிராம், இருபதுக்கு மேலே போனால் சிப்பி எடுக்கவும் விற்கவும் தடை. தடை போட்டு நாற்பத்தொரு நாள் ஆகிறது.

இரண்டாவது நிமிடம். முதலில் வருவது உப்பும் சில்லறையும், குழாயில் தங்காமல் ஓடி வருகிற கூட்டம். அதில் டாரின் இருக்கும், ஸ்ட்ரோம்பின் இருக்கும், அவற்றை இந்த இயந்திரத்தின் விளக்கு காட்டாது, கோடு கொஞ்சம் நடுங்கும், அவ்வளவுதான். சிப்பியின் உடம்பு முழுக்க இப்படி விசித்திரமான அமினோ அமிலங்கள். வெளியே கடலில் உப்பு கூடினால் உள்ளே இவற்றைக் கூட்டிக்கொள்ளும், இல்லாவிட்டால் சதை சுருங்கிப் போகும். சிப்பிக் கறியின் இனிப்பு என்று நாம் சொல்வது இதைத்தான். ஸ்ட்ரோம்பின் என்பது வேறு சங்கதி, கடல் இறங்கிப் பாறை வெயிலில் காயும்போது சிப்பி ஓட்டை மூடிக்கொள்ளும், காற்றில்லாமல் மணிக்கணக்காக இருக்கும், அப்போது சதையில் அது சேரும். இதை ஒருநாள் வறுவேலிடம் சொன்னேன். வறுவேல் தாழைத்துறையில் சிப்பிக்கு முங்குகிறவன், அறுபது வயது, இடுப்பில் வலைப்பையும் கையில் உளியுமாக இப்போதும் ஐந்து ஆள் ஆழம் போகிறான். "மூச்சடக்கினா சேருமா சாரே? அப்ப எனக்கும் சேந்திருக்குமே" என்றான். நமக்கு அது சேராது, வேறொன்று சேரும், அதனால்தான் கால் கடுக்கிறது என்றேன். "கடுக்கட்டு. நான் சிப்பி இல்லன்னு தெரிஞ்சுதே, அது போதும்" என்றான். தடை வந்த பிறகு நாலு முறை வந்துவிட்டான். சத்தம் போடவில்லை, அவன் சத்தம் போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நின்றுகொண்டே, "சந்தையில பெண்ணுங்க என்னைக் கண்டா என்ன சொல்லுகாளுவ தெரியுமா? சிப்பிக்காரன் வாறான், பேரைக் கையில எழுதி வச்சுக்கிடுங்கடி, மறந்துரும்ணு சொல்லுகாளுவ" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அடுத்த முறை வந்தபோது சிரிக்கவில்லை. மகளுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்களாம். "அம்பது வருசமா திங்கேன் சாரே, எங்க அப்பன் அடிச்ச அடி ஒண்ணுகூட எனக்கு மறக்கல்ல. மறந்தா நல்லா இருந்திருக்கும்" என்றான். வைகாசியில் கடல் கலங்கிவிடும், பிறகு பாறை தெரியாது, முங்க முடியாது, இந்த வருஷம் போனது போனதுதான். அதை அவன் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். தடை போகலாம், பெயர் போகுமா?

ஆறு. கோடு நேராகப் போகிறது. போன் அதிர்கிறது, பியூலா. ஒன்றாம் எண்ணை அழுத்தினால் எனக்கு வருகிற மாதிரி வைத்துக் கொடுத்திருக்கிறேன், அதை அவள் மறக்கவில்லை. "இஞ்ச பாருங்க, குடை எடுத்தியளா?" எடுத்தேன். காலையிலிருந்து இது மூன்றாவது. "மத்தியானத்துக்கு என்ன வாங்க? சிப்பி வாங்கவா?" வேண்டாம் என்றேன். "ஏன்?" தடை இருக்கு, விஷம் இருக்கிறதாகச் சொல்லித் தடை. "யாரு சொன்னா?" நான்தான் சொன்னேன். "அய்யோ, அப்ப வறுவேலு எங்க போவான்? பிள்ளைகளும் குட்டியுமா இருக்கானே" என்றாள். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேள்விப்படுகிறாள், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அதே வருத்தம் வருகிறது, நாற்பத்தொரு நாளில் அந்த வருத்தம் கொஞ்சம்கூடத் தேயவில்லை. எனக்குத்தான் தேய்ந்துவிட்டது. ஜாய்ஸ் பக்கத்தில் இருக்காளா என்று கேட்டேன், பக்கத்து வீட்டு ஜாய்ஸ்தான் பகலில் பார்த்துக்கொள்கிறாள். இருக்கா, முருங்கைக்கீரை உருவுகா என்று சொல்லி வைத்துவிட்டாள். இருபத்தாறு வருஷம் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவள். வருகைப் பதிவேட்டைத் திறக்காமல் நாற்பத்திரண்டு பிள்ளைகளின் பெயரையும் வரிசையாகக் கூப்பிடுவாள், இப்போதும் கூப்பிடுவாள், வராதவர்கள் யார் என்றுகூடச் சொல்வாள். காலையில் இட்லியா தோசையா என்றால் என் முகத்தைப் பார்ப்பாள், விடை என் முகத்தில் எழுதியிருக்கிற மாதிரி. ஜனவரியில் தாழைத்துறைக் கோவில் திருநாளுக்கு வறுவேல் வீட்டில் சாப்பிட்டோம். தேங்காய் வறுத்து அரைத்த சிப்பிக் கறி. நான் பதினைந்து சிப்பி இருக்கும், அவள் அதைவிடக் கூடத் தின்றாள், வறுவேலின் மனைவி இன்னும் இன்னும் என்று வைத்தாள். அன்றைக்கு ராத்திரி பியூலாவுக்கு வாந்தி. விடிந்தபோது கட்டிலில் உட்கார்ந்து, "இது யாரு வீடு?" என்றாள். நம்ம வீடு என்றேன். "அப்படியா, நல்லா வச்சிருக்காவ" என்றாள். ஒரு நாள் முழுக்க அப்படி இருந்தாள். மறுநாள் சரியானாள், ஆனால் முன்னால் இருந்த அளவுக்குச் சரியாகவில்லை. அதற்கு முன்னால் எந்த அளவுக்கு இருந்தாள் என்பதுதான் கேள்வி. இரண்டு வருஷத்துக்கு முன்பே தங்கை மகன் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரைப் படித்துவிட்டு இது யார் என்று கேட்டாள், கறியில் மூன்று முறை உப்புப் போட்டாள், அதையெல்லாம் நான் சிரித்துக் கடந்தேன். ஜனவரிக்குப் பிறகு அதையெல்லாம் நினைத்துப் பார்க்கவே இல்லை. ஜனவரியில் தொடங்கியது என்று வைத்துக்கொண்டேன். அதைத்தான் எல்லோரிடமும் சொன்னேன், திருவனந்தபுரத்தில் டாக்டரிடமும் சொன்னேன். அவர் அவளுடைய மூளைப் படத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "மறதி வயசுக்கு முன்னே வருது, காரணம்னு ஒண்ணைச் சொல்ல முடியாது சார்" என்றார். காரணம் சொல்ல முடியாது என்பதை எப்படி ஏற்றுக்கொள்வது? முப்பத்திரண்டு வருஷம் நான் செய்ததே காரணம் சொல்வதுதானே? எண்பத்தேழில் கனடாவில் ஒரு தீவுச் சிப்பியைத் தின்று நூறு பேருக்கு மேல் படுத்தார்கள், சிலருக்கு நினைவு திரும்பவே இல்லை, அதைப் படித்திருக்கிறேன். அந்த அமிலம் மூளையில் ஞாபகம் இருக்கிற இடத்துச் செல்களின் கதவைத் தட்டும், தட்டுவதை நிறுத்தாது, செல் களைத்துச் செத்துவிடும். பதினைந்து தின்ற எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று ஏன் கேட்டுக்கொள்ளவில்லை? கேட்டேன். அவள் கூடத் தின்றாள் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

பத்தாவது நிமிடம். ஒரு சின்ன மேடு, இது பெயர் இல்லாதது, எல்லாச் சிப்பியிலும் வரும். பிப்ரவரி பத்தொன்பது, வியாழக்கிழமை. முந்தின நாள் நானே பாறை வரை படகில் போய் எடுத்த மாதிரிச் சிப்பி. வழக்கமான மாதிரிதான் என்று பதிவேட்டில் எழுதினேன், ஆனால் வழக்கமாக நான் போவதில்லை. காலையில் கரண்ட் போனது. யூபிஎஸ் இயந்திரத்தைத் தாங்கும், ஏசியைத் தாங்காது, அறை முப்பத்துமூன்றுக்கு ஏறிவிட்டது, அந்தச் சூட்டில்தான் ஒப்பிடுவதற்கு வைத்திருக்கிற சுத்த விஷத்தின் மாதிரியை ஓட்டி அது வருகிற நேரத்தைக் குறித்தேன். சூட்டில் எல்லாமே கொஞ்சம் முந்தி வரும், இது முதல் வருஷத்திலேயே தெரிந்துகொள்கிற பாடம். பதினொன்றேகாலுக்குக் கரண்ட் வந்தது, ஏசி ஓடியது, அறை குளிர்ந்தது, அதற்குப் பிறகுதான் சிப்பிச் சாற்றை ஓட்டினேன். குளிரில் எல்லாமே கொஞ்சம் பிந்தி வரும். அன்றைய ஓட்டம் வேகமான ஓட்டம், டிரிப்டோபானுக்கும் அதற்குப் பின்னால் வருகிற விஷத்துக்கும் நடுவே இருபது விநாடிதான் இடைவெளி. பிந்தி வந்த சாதாரண ஆள், முந்தி வந்த விஷத்தின் நேரத்தில் வந்து நின்றிருப்பான். இதற்காகத்தான் சாற்றை ஓட்டி முடித்ததும் விஷ மாதிரியை இன்னொரு முறை ஓட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது, சுவரிலேயே ஒட்டியிருக்கிறது, ஒட்டியது நான். அன்றைக்கு ஓட்டவில்லை. ஜாய்ஸ் போன் செய்தாள், "அண்ணாச்சி, அக்கா கேட்டைத் திறந்துட்டுப் போயிட்டாவ, காணல்ல." ஓடினேன். பழைய பள்ளிக்கூடத்து வாசலில் நின்றுகொண்டிருந்தாள், மணி இன்னும் அடிக்கல்ல என்றாள். மறுநாள் வந்து விட்ட இடத்திலிருந்து தொடங்கியிருக்கலாம். மறுநாள் வந்தேன், தாளைப் பார்த்தேன், கோடு ஏறியிருந்த இடத்தைப் பார்த்தேன், இருபத்துமூன்று என்று கணக்குப் போட்டேன், கையெழுத்துப் போட்டேன். போன வியாழக்கிழமை மறுபடி கரண்ட் போய் ஏசி நின்றபோது விஷ மாதிரி முந்தி வந்ததைப் பார்த்தேன், பழைய பதிவேட்டைப் புரட்டினேன், பிப்ரவரி பத்தொன்பதுக்கு நேரே பென்சிலில் என் கையெழுத்து, 'கரண்ட் இல்லை, 9.40 முதல் 11.15.' அதை எழுதிய கைதான் மறுநாள் கையெழுத்துப் போட்டது. கவலையில் மறந்துவிட்டேன் என்று சொல்லலாம், எல்லோரும் நம்புவார்கள். ஆனால் கோட்டைப் பார்த்தபோது எனக்கு உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். பயம் இல்லை. நிம்மதி. கண்டுபிடித்துவிட்டேன் என்ற நிம்மதி. அவளை இப்படி ஆக்கியது இது, இந்தப் பாறை, இந்தச் சிப்பி, நான் பிடித்துவிட்டேன். பிடித்தவனை இன்னொரு முறை சோதிக்க யாருக்கு மனம் வரும்?

பதின்மூன்று. நேற்று இணை இயக்குநர் தாணுமாலயனிடம் சொன்னேன். மேசைக்கு மேலே சாய்ந்து, "ஓய் சத்தியநேசன், எதுக்குவே பழசைப் போட்டுக் கிண்டுதீரு?" என்றார். ஒருவேளை தவறாக இருந்தால், என்றேன். "இருக்கட்டும். திங்கக்கிழமை புதுசா மாதிரி எடும். சுத்தமா வரும். சுத்தம்னு எழுதும். தடை தானா போயிரும். அவனுக முங்கட்டும், நாமளும் சும்மா இருப்போம். யாருக்கு என்ன கேடு?" பிறகு குரலைத் தாழ்த்தி, "ரிட்டயர்டு ஆக உமக்கு ஏழு மாசம் இருக்கு. வீட்டுல வேற சொகமில்ல. எதுக்கு இந்த வம்பு?" என்றார். நல்ல மனிதர், பியூலாவிடம் படித்தவர், வராதவர் பட்டியலில் அடிக்கடி இருந்தவர். அவர் சொன்ன வழியில் ஒரு பிசகும் இல்லை. புது மாதிரி சுத்தம் என்றால் இப்போது விஷம் இல்லை என்று அர்த்தம், பிப்ரவரியில் இருந்தது என்றும் அர்த்தம். அடுத்த மாசியிலும் வரலாம் என்று அர்த்தம். சந்தையில் பெண்கள் பெயரைக் கையில் எழுதிக்கொள்வதை நிறுத்த மாட்டார்கள். பிப்ரவரியிலும் இல்லவே இல்லை என்று யாராவது எழுத வேண்டும், எழுத முடிந்தவன் ஒருத்தன்தான். ஆனால் அப்படி எழுதினால், பிப்ரவரியில் இல்லை என்றால், ஜனவரியில் மட்டும் எங்கிருந்து வந்தது? ஜனவரிச் சிப்பி என்னிடம் இல்லை, அதைச் சோதிக்க முடியாது, இருந்திருக்கலாம் என்று கடைசி வரைக்கும் சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொள்ளலாம்தான். நான் என் மனைவியின் மூளையை ஒரு இருபது விநாடி இடைவெளியில் தொங்கவிட்டிருக்கிறேன். பத்தொன்பதில் வா. கடவுளே, என்ன கேட்கிறேன்? பத்தொன்பதில் வந்தால் முங்கிப் பிழைக்கிற அறுபது வீட்டுக்காரர்களின் கடலில் விஷம் என்று ஆகும், நான் சரி என்றும் ஆகும், அவளுக்குக் காரணமும் கிடைக்கும். பதினேழில் வந்தால் வறுவேல் முங்கலாம். இரண்டில் எதைக் கேட்டு ஜெபிப்பது என்று தெரியாமல் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், கை இரண்டும் முழங்காலில் இருக்கிறது, நகத்தில் உறைபெட்டியின் குளிர் இன்னும் போகவில்லை.

பதினைந்து. பதினைந்தரை. தெர்மாமீட்டரைப் பார்த்தேன், இருபத்துநான்கு. பம்ப் சீராக அடிக்கிறது, கோவில் மணிக்கூண்டுக் கடிகாரம் மாதிரி இல்லை, பம்புக்கு மனசாட்சி கிடையாது, அடிக்கிறது, அவ்வளவுதான். பதினாறில் ஒன்றுமில்லை. ஒன்றும் வராமலே போய்விட்டால், சாறு கெட்டுப்போயிருந்தால், அப்போது யாருக்கும் எதுவும் தெரியாமல், அது எவ்வளவு சௌகரியம். பதினாறரை. கோடு அசைகிறதா? என் கண்ணா? கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போட்டுக்கொண்டேன், அதற்குள் கோடு எழுந்துவிட்டது. எழுந்துகொண்டே இருக்கிறது. நிமிர்ந்து, கூராக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஏறி, உச்சியில் ஒரு கணம் நின்று, இறங்குகிறது. பதினேழு. பிப்ரவரியில் பார்த்த அதே உயரம், அதே ஆள், பெயர்தான் வேறு. இத்தோடு எழுந்திருக்கலாம், ஆனால் எழுந்திருக்கவில்லை. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம் அல்லவா, பெரியது சாதாரணமாகவும் அதன் நிழலில் சிறியது விஷமாகவும். பதினெட்டு. கோடு தரைக்கு வந்துவிட்டது. திரைக்கு இவ்வளவு பக்கத்தில் முகத்தை வைத்து நான் உட்கார்ந்ததே இல்லை. பதினெட்டரை. வா. பத்தொன்பது. கோடு நேராகப் போகிறது. பத்தொன்பது பத்து, பத்தொன்பது முப்பது. ஒரு மேடும் இல்லை, ஒரு நடுக்கம்கூட இல்லை, தாழைத்துறைக் கடல் சித்திரைக் காலையில் கிடக்கிற மாதிரி கிடக்கிறது. இருபது. இருபத்தொன்று. காத்துக்கொண்டே இருந்தேன், வராது என்று தெரிந்த ஒருத்தருக்காக பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவனைப் போல. அப்போது பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர் ஞாபகம் வந்தது, மூன்று முறை போட்ட உப்பு ஞாபகம் வந்தது, அதற்கும் முந்திய வருஷம் கிறிஸ்துமஸ் அன்றைக்கு ஆராதனை முடிந்து வெளியே வந்து நம்ம வண்டி எது என்று கேட்டது ஞாபகம் வந்தது. எல்லாம் எனக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. சிப்பிக்கு வெகுகாலம் முன்னாலேயே அவள் போகத் தொடங்கியிருந்தாள்.

ஓட்டம் முடிந்தது. விதிப்படி விஷ மாதிரியை இன்னொரு முறை உள்ளே செலுத்தினேன், பிப்ரவரியில் செய்ய வேண்டியதை. அது ஓடுகிற நேரத்தில் தாளை எடுத்தேன். புது மாதிரி என்று எழுதவில்லை. 'பிப்ரவரி 20 அன்று என்னால் கையெழுத்திடப்பட்ட முடிவு தவறானது. அம்மாதிரியில் டொமோயிக் அமிலம் இல்லை. தவறு சோதித்தவருடையது, சிப்பியுடையது அல்ல.' கடைசி வரியைத் தாணுமாலயன் அடிக்கச் சொல்வார், அடிக்க மாட்டேன். கையெழுத்து. விஷம் பத்தொன்பதில் வந்தது, ஒழுங்காக, தன் நேரத்துக்கு. வறுவேலுக்குப் போன் செய்தேன். தடை திங்கட்கிழமைக்குள் போய்விடும் என்றேன், தப்பு என்னுடையது, அதை எழுதியே கொடுத்திருக்கிறேன், ஒரு நகல் உனக்குத் தருகிறேன் என்றேன். "நகலைச் சந்தையில ஒட்டலாமா சாரே?" என்றான். ஒட்டு. "பெரிய எழுத்துல தாரும். அவளுவளுக்குக் கண்ணு பத்தாது." வைக்கப் போனவன், "அக்காக்கு எப்பிடி இருக்கு?" என்றான். அப்படியேதான் என்றேன்.

வைத்ததும் அதிர்ந்தது. "இஞ்ச பாருங்க, மத்தியானத்துக்குச் சிப்பி வாங்கவா?" இன்றைக்குக் கிடைக்காது, அடுத்த வாரம் வாங்கலாம் என்றேன். "அதைத் தின்னா மறதி வரும்னு ஜாய்ஸ் சொல்லுகாளே." வராது, பியூலா. இப்போதுதான் பார்த்தேன். சிப்பியில் ஒன்றும் இல்லை. பின்னால் ஜாய்ஸ் எதையோ தாளிக்கிற சத்தம் கேட்டது. பிறகு, கணக்கு தப்பிய இடத்தைப் பலகையில் தேடுகிறவளின் குரலில், நிதானமாக, "அப்ப எனக்கு எதால வந்துது?" என்றாள். திரையில் இரண்டு ஓட்டத்தின் கோடுகளும் இருந்தன. அவற்றில் இரண்டு பொருளின் பெயர்தான் இருந்தது. தெரியல்ல பிள்ளே என்றேன். நான் அப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை. இந்த ஒன்றை மட்டும் அவள் மறந்துவிட வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோதே, "சரி, குடை எடுத்தியளா?" என்றாள்.

எடுத்தேன் என்றேன்.